மண்ணீரலும் மரண வீதமும்: வன்னியை முன்வைத்துக் காரண ஆய்வு பற்றிய ஒரு விமர்சனம்

1946 ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. அதே ஓராண்டில் சிசு மரண வீதம் ஆயிரம் பிறப்புக்கு 141 இலிருந்து 101 ஆகக் குறைந்தது. பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் பத்து ஆண்டுகள் உயர்ந்தது. சமாதான காலத்து நாடொன்றில் ஒரே ஆண்டில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தமை குடித்தொகை ஆய்வாளர் பலரையும் ஈர்த்ததில் வியப்பில்லை. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது என்னும் வினா 1960 அளவில் எழுந்து, இன்றுவரை முற்றாகத் தீராத ஒரு விவாதமாக வளர்ந்துள்ளது.

இவ்விவாதத்தின் ஒரு புறத்தில் டி.டி.ரி. என்னும் நுளம்புக்கொல்லி நிற்கின்றது. மறுபுறத்தில் பங்கீட்டு அரிசி, இலவச வைத்தியம், விரிவடைந்த வைத்தியசாலைகள், போருக்குப் பின்னர் சீரடைந்த உணவு இறக்குமதி ஆகியவை நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்புக் கூறும் பொறுப்புப் புள்ளிவிபரவியலிடம் ஒப்படைக்கப்பட்டது. அது எவ்வகைச் சான்றுகளைக் கொண்டு தீர்ப்புக் கூறியது, அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பவற்றை வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வன்னியில் நின்று நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. மலேரியா மிகக் கடுமையாக நிலைகொண்டிருந்த பிரதேசங்களுள் வன்னி ஒன்று. ஆய்வாளர் வரைந்த கோடுகளின் சாய்வைத் தீர்மானித்த புள்ளிகளுள் வவுனியாவும் அடங்கும். ஆயினும் அப்புள்ளிக்குள் வாழ்ந்த மக்கள் யாவர் என்பது அவ்வாய்வுகளில் பெரிதும் வினவப்படவில்லை.

1. விவாதத்தின் வரலாறு

டி.டி.ரி. தெளிப்பு 1945 ஆம் ஆண்டின் இறுதியில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் மலேரியாப் பிரதேசங்கள் எங்கும் விரிவாக்கப்பட்டது. 1934-35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாட்டில் இது பெருஞ் சாதனையாகவே கருதப்பட்டது. தெளிப்பும் வீழ்ச்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையின், முன்னதே பின்னதற்குக் காரணம் என்னும் முடிவு இயல்பாகவே பரவியது.

இம்முடிவை முதலில் வலுவாக வினவியவர் ஹரல்ட் பிரெடெரிக்சன். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், தெளிப்பு நடைபெற்ற பகுதிகளில் மட்டுமன்றி நடைபெறாத பகுதிகளிலும் இறப்பு வீதம் வீழ்ந்ததை அவர் சுட்டிக்காட்டினார். எனவே வாழ்க்கைத்தர உயர்வே, சிறப்பாக உணவு நிலைமையின் சீர்திருத்தமே, முதன்மைக் காரணம் என்பது அவர் வாதம். இதனை மறுத்து 1965 இல் பீற்றர் நியூமன் இலங்கையையும் பிரித்தானிய கயானாவையும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1967 இல் எஸ். ஏ. மீகம இவ்விவாதத்தில் நுழைந்து, மலேரியா ஒழிப்புக்கு அளிக்கப்பட்ட இடம் மிகையானது என வாதிட்டார். 1974 இல் ஆர். எச். கிறே தரவுகளை மீளாய்ந்தார். போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு நூற்றுக்கு 42 என நியூமன் 1970 இல் கணித்திருந்தார்; கிறே அதனை நூற்றுக்கு 23 ஆகக் குறைத்தார். 1996 இல் கிறிஸ்தோபர் லாங்போர்ட் இதே சான்றுகளை மறுபடியும் பரிசீலித்து, சுகாதார சேவைகளின் விரிவுக்கு உரிய இடத்தை வலியுறுத்தினார்.

ஒரே நாடு, ஒரே காலம், பெரும்பாலும் ஒரே தரவு. ஆயின் ஒருவர் கண்ட பங்கு மற்றவர் கண்டதில் ஏறத்தாழ இருமடங்கு. இவ்வேறுபாட்டை ஆய்வாளரின் திறமைக் குறைவு எனக் கொள்வது தவறாகும். இருவரும் தேர்ந்த ஆய்வாளரே. வேறுபாடு தோன்றுமிடம் அவர்கள் கையாண்ட எடுகோள்களாகும். அவ்வெடுகோள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நோக்குதல் வேண்டும்.

2. மாவட்டம் என்னும் அலகு

நியூமனதும் அவருக்குப் பின்வந்தோரதும் முறையின் சாரம் எளியது. போருக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளைகளிடையே நடாத்தப்பட்ட மண்ணீரல் வீக்கக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு மாவட்டத்திலும் மலேரியா எவ்வளவு நிலைகொண்டிருந்தது என்பதற்கு ஓர் அளவை தருகின்றது. அவ்வளவை ஓர் அச்சிலும், இறப்பு வீத வீழ்ச்சியை மற்றோர் அச்சிலும் குறித்து, மாவட்டங்களை இருபது வரையிலான புள்ளிகளாக இட்டு, அவற்றினூடே ஒரு பிற்செலவுக் கோடு வரையப்படுகின்றது. மண்ணீரல் வீதம் பூச்சியமாக உள்ள கற்பனை மாவட்டமொன்றில் எவ்வளவு வீழ்ச்சி இருக்குமோ அது ஏனைய காரணங்களின் விளைவு. அதற்கு மேற்பட்டது மலேரியாக் கட்டுப்பாட்டின் விளைவு. இதுவே வாதம். மலேரியா இல்லாத மாவட்டத்தை ஒப்புநோக்கு அலகாகக் கொள்ளும் இம்முறை, தெளிப்புக்கு முன்பும் பின்பும் என வெறுமனே ஒப்பிடுவதிலும் பன்மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆயின் மாவட்டம் என்பது நோய்க்கு உட்படும் உயிரன்று. அது நிர்வாகத்தின் எல்லைக்கோடு. 1950 ஆம் ஆண்டிலேயே டபிள்யூ. எஸ். றொபின்சன் இத்தகைய ஆய்வின் இடரை எடுத்துக்காட்டினார். ஐக்கிய அமெரிக்காவின் 1930 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு அவர் காட்டியது இது: வெளிநாட்டிற் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது, ஆனால் தனியாட்களை நோக்கின் வெளிநாட்டிற் பிறந்தோரிடையேதான் எழுத்தறியாமை சற்றுக் கூடுதலாக இருந்தது. கூட்டத்தின் இணைபு தனியாளின் இணைபாகாது. சில வேளை அதற்கு நேர்மாறாகவும் அமையும்.

இவ்விடர் இலங்கையின் வட பகுதியில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை நோக்குவோம். இன்றைய கிளிநொச்சி மாவட்டம் 1984 ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கரைச்சி, பூநகரி முதலிய பெருநிலப் பிரிவுகள், வறண்ட சுண்ணக்கல் நிலமாகிய குடாநாட்டுடன் ஒரே அலகாகக் கணக்கிடப்பட்டன. குடாநாட்டில் ஆறுகளும் இல்லை, காட்டுக் குளங்களும் அதிகமில்லை, மலேரியா குறைவு. இரணைமடுவையும் கனகராயன் ஆற்றையும் சார்ந்த பெருநிலத்திலோ நிலைமை வேறு. கணக்குக்காக இவ்வாறு கொள்வோம்: மாவட்டத்தின் மக்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் மண்ணீரல் வீதம் நூற்றுக்கு 5 ஆக உள்ள பகுதியிலும், ஒரு பங்கினர் 60 ஆக உள்ள பகுதியிலும் வாழ்கின்றனர். மாவட்டத்தின் சராசரி 10.5 ஆக வரும். அத்தகைய வீதத்துடன் வாழ்ந்த கிராமம் அம்மாவட்டத்தில் ஒன்றேனும் இருக்கவேண்டியதில்லை. கரைச்சிப் பகுதியின் காய்ச்சலும் அது தணிந்தமையும் இவ்வாறு குடாநாட்டின் சராசரிக்குள் மறைந்துவிடுகின்றன.

வவுனியாவின் நிலை இதற்கு மறுதலையானது. முல்லைத்தீவு 1978 இல் தனி மாவட்டமாகும் வரை, அதன் பெரும்பகுதியும் உள்ளடங்கிய வவுனியா மாவட்டம் 1946 இல் ஏறத்தாழ 23,000 மக்களை மட்டுமே கொண்டிருந்தது. கொழும்பு மாவட்டத்திலோ பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். குடித்தொகைக்கேற்ப நிறை கொடாது வரையப்படும் கோட்டில் இரண்டும் ஒவ்வொரு புள்ளியே. மேலும், கோட்டின் நடுவே திரண்டிருக்கும் புள்ளிகளைவிட அந்தத்தில் தனித்து நிற்கும் புள்ளிகளே அதன் சாய்வை மிகுதியும் நிர்ணயிக்கின்றன. உலர் வலயத்தின் மிகச் சிறிய குடித்தொகைகள், தீவு முழுவதற்குமான காரணக் கணிப்பின் நெம்புகோலாக அமைந்துவிட்டமையை ஆய்வுகளைப் படிப்போர் மறத்தலாகாது.

3. அளவுகோல் பற்றிய சிக்கல்

தெளிப்பு நடைபெறாதிருப்பின் எல்லா மாவட்டங்களிலும் இறப்பு வீதம் ஒரே அளவாக வீழ்ந்திருக்கும் என்பதே இம்முறையின் அடித்தளம். ‘ஒரே அளவு’ என்பதன் பொருள் யாது? ஒரு மாவட்டத்தில் வீதம் 30 இலிருந்து 20 ஆகவும், மற்றொன்றில் 18 இலிருந்து 12 ஆகவும் வீழ்ந்ததெனக் கொள்வோம். கழித்துப் பார்ப்பவருக்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 6. ஆகவே மலேரியா மிகுந்த மாவட்டத்தில் 4 அலகு மேலதிக வீழ்ச்சி. வகுத்துப் பார்ப்பவருக்கோ இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி, மேலதிகமாக ஒன்றுமில்லை. ஒரே தரவு ஒருவருக்கு டி.டி.ரி.யின் வெற்றியையும் மற்றவருக்கு அதன் இன்மையையும் காட்டுகின்றது.

இவற்றுள் எது சரியென்பதை எண்கள் தீர்மானிக்கமாட்டா. ஏனைய காரணங்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்னும் விளக்கமே அதனைத் தீர்மானிக்கவேண்டும். உணவும் வைத்தியமும் நலிந்தோர் மிகுந்த இடத்தில் மிகுதியாகப் பயன்தருமெனின் விகித அளவே பொருந்தும். அவை எங்கும் குறித்த சில நோய்களை மட்டும் ஒழிக்குமெனின் கழித்தல் அளவு பொருந்தும். ஆகவே மாதிரியுருவைத் தேர்வதற்கு முன்னரே நோயின் இயல்பு பற்றிய ஓர் அறிவு தேவைப்படுகின்றது. புள்ளிவிபரவியல் அவ்வறிவைக் கூர்மைப்படுத்தலாம். அதற்கு ஈடாக நிற்கமுடியாது.

நோயின் இயல்பை அறிந்தோர்க்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. மலேரியா நிலையாக உள்ள பிரதேசத்தில் வளர்ந்தோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுவர். அங்கு உயிரிழப்போர் பெரும்பாலும் சிசுக்களும் சிறு பிள்ளைகளும்; கருவுற்ற தாய்மாரும் பெரிதும் இடருக்குள்ளாவர். 1934-35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய், மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளான தென்மேற்குப் பகுதிகளை அண்டிய மாவட்டங்களில் மிகக் கொடுமையாக இருந்தமைக்கு இவ்வெதிர்ப்பாற்றல் அங்கு குறைந்திருந்ததும் ஒரு காரணம். எனவே மண்ணீரல் வீதம் நோயின் பரவலைக் காட்டுமேயன்றி மரணத்தின் அளவை நேராகக் காட்டாது. டி.டி.ரி.யே காரணமெனின் வீழ்ச்சி எவ்வயதினரிடையே எப்பருவத்தில் மிகுந்திருக்கவேண்டும் என முன்கூட்டியே கூறி, அவ்வெதிர்பார்ப்பைத் தரவோடு ஒப்பிடுதல் ஒட்டுமொத்த வீதத்தை ஆராய்வதிலும் கடுமையான சோதனையாகும். 1965 இல் பிறட்போர்ட் ஹில் காரணத்தை இனங்காணத் துணையாகும் நோக்குகளைத் தொகுத்தபோது, தொடர்பின் வலிமையோடு அதன் தனித்தன்மை, கால ஒழுங்கு, உயிரியல் ஏற்புடைமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டமை இதனாலேயே.

4. இடம்பெயரும் மக்களும் இடம்பெயராத அட்டவணையும்

மாவட்ட ஒப்பீட்டில் மறைந்திருக்கும் மற்றோர் எடுகோள், மக்கள் தத்தம் மாவட்டத்திலேயே பிறந்து, நோயுற்று, இறக்கின்றனர் என்பதாகும். வன்னியை அறிந்த எவரும் இதனை ஏற்கமாட்டார்.

முதலாவதாக, குடாநாட்டு விவசாயிகள் பலர் காலபோகத்துக்கு வன்னி வயல்களுக்குச் சென்று மீள்வது நெடுங்கால வழக்கம். அங்கு பெற்ற காய்ச்சலோடு ஊர் திரும்பி இறந்தவரின் மரணம் யாழ்ப்பாணத்திலேயே பதியப்பட்டது. ஆகவே வன்னியில் நுளம்பு ஒழிந்தபோது மலேரியா குறைந்த மாவட்டத்திலும் இறப்புக் குறைந்திருக்கும். அவ்வீழ்ச்சியை ‘ஏனைய காரணங்கள்’ என்னும் கணக்கில் எழுதுவோர் டி.டி.ரி.யின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

இரண்டாவதாக, இலங்கையில் மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகின்றது. வீதிகளும் வாகன வசதியும் பெருகப் பெருக, கடும் நோயாளர் யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ கொண்டு செல்லப்படுவதும் பெருகும். அங்கு அவர் இறப்பின் வன்னியின் இறப்பு வீதம் தாளளவில் குறையும். இத்தவறு டி.டி.ரி.யின் பங்கை மிகைப்படுத்தும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் சிக்கலானது, குடியேற்றம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின்னர் உலர் வலயக் குடியேற்றம் அரசின் கொள்கையாயிற்று. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936 இல் ஆரம்பமானது. ஆயினும் காய்ச்சல் பற்றிய அச்சம் நீங்கிய பின்னரே அது விரைவுபெற்றது. 1950 களில் வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டது. வவுனியா மாவட்டத்தின் குடித்தொகை 1953 இல் ஏறத்தாழ 35,000 ஆகவும், 1963 இல் 68,000 அளவாகவும், 1971 இல் 95,000 அளவாகவும் உயர்ந்தது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின்னர் மலையகத் தமிழர் பலரும் இங்கு வந்து குடியேறினர். குடியேறுவோருள் இளங் குடும்பத்தினரே மிகுதி. முதியோர் குறைந்த குடித்தொகையில், எவருடைய உயிரும் காப்பாற்றப்படாமலேயே, பருமட்டான இறப்பு வீதம் குறையும்.

குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திக் கணித்தால் இச்சிக்கல் தீராதோ எனின், அதுவும் எளிதன்று. குடியேற்றம் மலேரியா ஒழிப்போடு தற்செயலாக உடன்நிகழ்ந்த வேறொரு காரணியாகவும் உள்ளது. மலேரியா ஒழிப்பினால் விளைந்த இடைக் காரணியாகவும் உள்ளது. முதல் வகையாயின் அதனை நீக்கிக் கணித்தல் வேண்டும். இரண்டாம் வகையாயின், அதனை நீக்குவது நாம் அறியவிரும்பும் விளைவின் ஒரு பகுதியையே நீக்குவதாகும். எம்மாறியைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பது கணிப்பொறி தீர்க்கும் விடயமன்று. எது எதனை விளைவித்தது என்னும் வரலாற்று அறிவே அதற்கு விடை தரும். கல்வித்துறையிலும் இதே நிலை. மலேரியா ஒழிப்பினால் பள்ளிக்கல்வி உயர்ந்ததா என்பதை இலங்கையையும் பரகுவேயையும் கொண்டு 2010 இல் ஏட்ரியன் லூக்கஸ் ஆராய்ந்து, உயர்ந்தது என்னும் முடிவுக்கு வந்தார். இலவசக் கல்வி 1945 இல், அதாவது தெளிப்புத் தொடங்கிய அதே ஆண்டில், நடைமுறைக்கு வந்தது என்பதை மனத்திற் கொண்டே இத்தகைய முடிவுகளை எடைபோடுதல் வேண்டும்.

5. பங்கீடு என்னும் மயக்கம்

இறப்பு வீழ்ச்சியில் மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு 42 பங்கு அல்லது 23 பங்கு என்னும் கூற்றுக்கே நாம் வருவோம். குளத்து நீரும் நல்ல விதையும் கிடைத்த வயலில் விளைச்சல் இருமடங்காயிற்று எனின், அதில் நீரின் பங்கு எவ்வளவு, விதையின் பங்கு எவ்வளவு? நீரின்றி விதை முளையாது. விதையின்றி நீர் விளைவிக்காது. இணைந்து தொழிற்படும் காரணங்களை நூற்றுவீதமாகக் கூறுபோட முனைவது, கேள்வியையே தவறாக எழுப்புவதாகும்.

காய்ச்சலால் இரத்தசோகையுற்ற தாயொருத்திக்குப் பங்கீட்டு அரிசி தரும் பயனும், காய்ச்சல் நீங்கிய தாய்க்கு அதே அரிசி தரும் பயனும் ஒன்றல்ல. மலேரியா ஒழிந்த கிராமத்துக்கு மருத்துவமாது செல்ல முன்வருவதும், வைத்தியசாலைக் கட்டில் பிற நோயாளருக்குக் கிடைப்பதும் மலேரியா ஒழிப்பின் விளைவா, சுகாதார சேவையின் விளைவா? இரண்டும் ஒன்றையொன்று பெருக்கின என்பதே பொருத்தமான விடை. பெருக்கும் காரணங்களைக் கூட்டல் மாதிரியுருவுக்குள் திணித்தமையே, ஆய்வாளரின் எண்கள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம் என நாம் கருதுகின்றோம்.

இது கல்விக்கூட விவாதம் மட்டுமன்று. வீழ்ச்சி முழுவதும் இறக்குமதியான இரசாயனத்தின் கொடை எனின், உணவு மானியமும் இலவச வைத்தியமும் வீண்செலவாகத் தோன்றும். 1977 இன் பின்னர் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1979 இல் உணவுப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்த காலத்தில் இத்தோற்றத்துக்கு அரசியற் பயன் இருந்தது. 1981 இல் அமர்த்தியா சென் இலங்கையைப் பொதுநல நடவடிக்கையின் சான்றாக எடுத்துக்காட்டியதும், சுர்ஜித் பல்லா அதனை மறுத்து, எட்டிய நிலையை விடுத்து மாற்றத்தின் வேகத்தையே ஒப்பிடவேண்டும் என வாதிட்டதும் இப்பின்னணியிலேதான். அதே வேளை, மலேரியா ஒழிப்பினால் மக்கள் தொகை ‘வெடித்தது’ என எழுதியோரும் உளர். காப்பாற்றப்பட்ட குழந்தையைச் சுமையாகக் கணக்கிடும் அந்நோக்கு அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டமை வருந்தத்தக்கது.

ஆயினும் முற்போக்கு வாசகர் தமக்கு உவப்பான முடிவை ஐயமின்றி ஏற்பதும் அதே தவறாகும். மலேரியாவின் பிற்கால வரலாறு இரு சாராருக்கும் பாடம் புகட்டுகின்றது. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். அடுத்த ஆண்டில் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அரிசியும் வைத்தியசாலையும் இருந்தபோதும் நோய் மீண்டது. ஆனால் 1946 க்கு முந்திய நிலைக்கு இறப்பு வீதம் திரும்பவில்லை. அரிசியும் வைத்தியமும் வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று. 2012 இல் இறுதி உள்நாட்டு நோயாளர் கண்டறியப்பட்டு, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனப்படுத்தியதற்குத் தெளிகருவியோடு இரத்தப் பரிசோதனையும், விடாத கண்காணிப்பும், போர்க்காலத்திலும் பணியாற்றிய களப்பணியாளரும் காரணமாயினர்.

6. இன்றைய சோதனை: சிறுநீரக நோய்

காரண ஆய்வின் குறைபாடுகள் கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1990 களின் நடுப்பகுதியில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, வவுனியாவிலும் பரவியுள்ள, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இதற்குச் சான்று. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, விவசாய இரசாயனங்கள், வெப்பமும் நீரிழப்பும் எனப் பல கருதுகோள்கள் முன்வைக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நடந்த ஆய்வு 2013 இல் வெளியாயிற்று. 2014 இல் சன்ன ஜயசுமனவும் உடனாய்வாளரும், கிளைபோசேற் களைநாசினி கடின நீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து நோயை விளைவிக்கலாம் என ஒரு கருதுகோளை வெளியிட்டனர். 2015 இல் அக்களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மட்டும் தடை நீக்கப்பட்டது.

கருதுகோளை முன்வைத்தல் ஆய்வாளரின் உரிமையும் கடமையுமாகும். விமர்சிக்கத்தக்கது, கருதுகோளுக்கும் முடிவுக்குமிடையே உள்ள தூரம் ஓர் அரச ஆணையால் கடக்கப்பட்டமையே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நீர் கடினமானது. வெங்காயம், புகையிலைச் செய்கையில் அங்கும் இரசாயனங்கள் தாராளமாகப் பயன்பட்டன. ஆயினும் வட மத்திய மாகாணத்தைப் போன்ற பரவல் அங்கு அறியப்படவில்லை. இவ்வொப்பீடும் மாவட்ட ஒப்பீடே. முற்கூறிய ஐயங்கள் இதற்கும் பொருந்தும். எனினும் ஒரு கருதுகோள் விடைகூறவேண்டிய வினாவை இது எழுப்புகின்றது. மேலும் இரு எச்சரிக்கைகள் தேவை. நோயாளரின் சிறுநீரில் ஓர் உலோகம் வேறுபட்ட அளவில் காணப்படின், உலோகம் சிறுநீரகத்தைப் பழுதாக்கியதா, பழுதடைந்த சிறுநீரகம் உலோகத்தை வேறுவிதமாக வெளியேற்றியதா என்பதை ஒரு தடவை எடுத்த அளவீடு கூறாது. பரிசோதனை முகாம்கள் மிகுந்த பிரிவில் நோயாளர் மிகுந்து காணப்படுதலும் இயல்பே. தேடிய இடத்திலேயே பொருள் கிடைக்கும்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டபோது முன்வைக்கப்பட்ட நியாயங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை கைவிடப்பட்டது. ஆனால் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நிறுவப்படாத காரணமொன்றின் விலையைச் செலுத்தியவர் கமக்காரர். மறுபுறத்தில், காரணம் நிறுவப்படும்வரை ஒன்றும் செய்யலாகாது என வாதிடுவதும் ஏற்கத்தக்கதன்று. தூய குடிநீர் வழங்குவதற்கு மூலகாரணம் எதுவெனத் துணியவேண்டியதில்லை. எக்கருதுகோள் மெய்யாயினும் அதனால் தீங்கு விளையாது. தவறினால் எவர் பாதிக்கப்படுவர் என்பதைப் பொறுத்தே சான்றின் கடுமையைத் தீர்மானித்தல் வேண்டும்.

7. எண்ணப்படாதோர்

இதுகாறும் கூறியவை அனைத்தும் எண்ணிக்கை ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையில் அமைந்தவை. வன்னியில் அதுவும் உறுதியன்று. 1987 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 1991 இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 ஆம் ஆண்டின் மதிப்பு வடக்கிலும் கிழக்கிலும் முழுமை பெறவில்லை. 1981 க்குப் பின்னர் நாடு முழுவதையும் தழுவிய மதிப்பு 2012 இலேயே நடைபெற்றது. ‘இலங்கையில்’ எனத் தொடங்கும் பல அட்டவணைகளில் வன்னி இல்லை என்பதை அடிக்குறிப்பு மட்டுமே கூறும். விடுபட்ட பகுதி தற்செயலாக விடுபடவில்லை. உணவுத் தடையும் மருந்துத் தடையும் இடப்பெயர்வும் மிகுந்த பகுதியே விடுபட்டது. ஆகவே எஞ்சிய தரவின் சராசரி நாட்டின் சராசரியாகாது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு அனைவரும் அறிந்தது. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 429,059, 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் பதிவின்படி 282,380, எஞ்சியோர் 146,679. அதே ஆண்டில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்கவியலாது எனக் கூறியது. புள்ளிவிபரவியல் நோக்கில் எச்சம் என்பது மரணத் தொகையன்று. முதற்பதிவின் மிகையும், பிற்பதிவின் குறையும், வேறு வழியாக வெளியேறியோரும் அதனுள் கலந்திருக்கலாம். ஆயின் எச்சத்தில் பிழை இருக்கலாம் என்பது எச்சமே இல்லை என்பதாகாது. அப்பிழையின் அளவைக் கூறவேண்டிய பொறுப்பு, பெயர்ப்பட்டியலையும் பதிவேட்டையும் தம்மிடம் வைத்திருப்போரைச் சார்ந்தது. அவற்றைத் திறந்துவிடாமல் மதிப்பீட்டின் நிச்சயமின்மையைச் சுட்டிக்காட்டுவது அறிவியல் ஐயமன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், மாவட்டப் பிற்செலவுக் கோடுகள் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. பிரெடெரிக்சனின் ஐயமும், நியூமனின் முறையும், மீகமவின் மறுப்பும், கிறேயின் மீள்கணிப்பும் இல்லையேல் வினாவே தெளிவுபெற்றிராது. அவர்களின் விவாதம் வெளிப்படையாக நடைபெற்றது. எடுகோள்கள் எழுத்தில் இருந்தன. ஆகவே ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் நாம் அவற்றை வினவ முடிகின்றது. கணிப்பொறி பெருகியுள்ள இக்காலத்தில் மாதிரியுருக்கள் நுட்பமடைந்தனவாயினும், எடுகோள்கள் அவற்றின் அடியில் முன்னிலும் ஆழப் புதைந்துள்ளன.

வடக்கின் பல்கலைக்கழகங்களுக்கு இத்துறையில் ஒரு தனிக் கடமை உண்டு. 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலைத் தொகுத்த ஜே. பி. லூயிஸ் என்னும் குடியேற்ற நாட்டு அதிகாரிக்கு, குளம் குளமாகவும் கிராமம் கிராமமாகவும் விபரம் திரட்டும் பொறுமை இருந்தது. நமக்கு அப்பொறுமை குறையக் கூடாது. எஞ்சியுள்ள பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும், வைத்தியசாலைக் குறிப்புகளையும், பாடசாலை வரவேடுகளையும் கிராமசேவகர் பிரிவு மட்டத்தில் தொகுத்தல். பதிவு அழிந்த இடத்தில் தெளிப்புக் குழுவை நினைவுகூரும் முதியோரின் சாட்சியத்தைப் பெறுதல். தொகுத்தவற்றை எவரும் சோதிக்கத்தக்கதாக வெளியிடுதல் ஆகியவை உடனடித் தேவைகள். அத்தரவு கிடைக்கும்போது கரைச்சிக் கிராமமொன்று யாழ்ப்பாணத்தின் சராசரிக்குள் மறைய வேண்டியதில்லை. முல்லைத்தீவில் 1947 இல் உயிர்பிழைத்த ஒரு குழந்தை எக்காரணத்தால் பிழைத்தது என்னும் வினாவுக்கும், 2009 இல் காணாமற்போன அதன் பேரப்பிள்ளை எங்கே என்னும் வினாவுக்கும் ஒரே பதிவேட்டு ஒழுக்கமே விடைதரக்கூடும்.